ஆட்டிறைச்சி ருசிக்கு உப்பு

ஒக்டோபர் 10, 2025

காலையிலிருந்து மழை. ஹட்டனில், இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கிற சோயாமீட் செய்யும் இந்த ஃபெக்டரியின் மசாலாப் பிரிவில் எனக்கு ஒன்பது வருடம். முன்பெல்லாம் சோயா என்றாலே தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கும். இப்போது கடைக்குக் கடை ஏழெட்டு ருசியில் தொங்குகிறது. அதில் கோழி ருசியும் நெத்தலி ருசியும் என் கைப்பக்குவம். இன்று மெனேஜர் சஜீவன் சார் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "ஆட்டிறைச்சி ருசிய பிரியந்தினி செய்யட்டும். சரியா வந்தா மசாலாப் பிரிவுக்கு அவதான் பொறுப்பு."

அவள் நோட்டன் பிரிட்ஜ் ஊரிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது!

ஒக்டோபர் 11

வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத?

ஒக்டோபர் 17

அவள் பெருஞ்சீரகம் வறுத்தால் பெக்கட் கட்டுகிற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். என் கோழி ருசிக்கு ஒருத்தியாவது எட்டிப் பார்த்தாளா? அவளுடைய சிரிப்புக்குத்தான் மயங்குகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பொய். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 24

கந்தசஷ்டி. பிரியந்தினி ஆறு நாளும் விரதம். பொழுது சாய்ந்த பிறகு பாலும் பழமும் மட்டும். நாளை கொழும்பிலிருந்து மொத்த வியாபாரிகள் ருசி பார்க்க வருகிறார்கள். கலவையைச் சோயாவில் போட்டுக் கொதிக்கவைத்து, கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் வாயில வைக்க ஏலாது. நீங்க பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னா போதும்."

உப்பு கரித்தது. நன்றாகவே கரித்தது.

"சரியா இருக்கு புள்ள" என்றேன்.

இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி அப்படிச் சொன்ன? உப்பு கூடன்னு வாயில வந்துருச்சே - ஏன் மாத்திச் சொன்ன?

ஒக்டோபர் 25

வியாபாரிகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. "ருசி பாத்துத்தான் போட்டியா?" என்று சார் கத்தினார். பிரியந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க சார், விரதம். என் தப்புதான்."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 3

பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் லட்டு வாங்கி வந்தார். பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14

ஆட்டிறைச்சி ருசியை மறுபடி செய்யும்படி பிரியந்தினியிடமே கொடுத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. அவளுக்கு வெள்ளிதோறும் விரதம். கொதித்து முடிந்ததும் நானாகவே கையை நீட்டினேன்.

"குடு புள்ள, நான் பாக்குறேன்."

"வேணாங்க அக்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு கரண்டியைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.