ஜோதி எழுதிய 'சரி'

குற்றாலம்
12.5.2024

அன்பு முத்துவடிவு,

நலமா? ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து மேஜராக ஓய்வு பெற்றுவிட்டாயாமே. புனேயில் உட்கார்ந்து இனி யாருக்கு சல்யூட் அடிக்கப் போகிறாய்? நான் முதல்வராக இருக்கும் நர்சிங் கல்லூரிக்கு வந்துவிடு. பிள்ளைகளுக்குப் பாடம் தெரிகிறது. ஒரு வார்டைப் பொறுப்பெடுத்து நடத்தத் தெரியவில்லை. அதை நீ கற்றுக்கொடு. சாரல் விழுவதற்குள் வா.

உன் ஹாஸ்டல் அறைத் தோழி,
ஜோதிலட்சுமி

புனே
20.5.2024

அன்பு ஜோதி,

வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. எங்கள் வார்டில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். அவரவர் தவறை அன்றே அவரவர் கையால் எழுத வேண்டும். முதல் பக்கம் மூத்தவளுடையது. எழுதியவளைத் தண்டிக்கக் கூடாது. உன் கல்லூரியிலும் அதை வைப்பேன். 'சரி' என்று ஒரு வரி போடு, பெட்டியைக் கட்டுகிறேன்.

உன் முத்து

குற்றாலம்
26.5.2024

முத்து,

சரி, சரி, சரி. போதுமா மேஜர்? கிளம்பு.

ஜோதி

குற்றாலம்
3.2.2025

அன்பு முத்து,

ஒரே வளாகத்தில் இருந்தும் நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நோயாளிக்கு இன்சுலின் கூடுதலாகப் போட்டுவிட்டதாக நம் மாணவி ஜெயபிரியா உன் நோட்டில் எழுதினாள் அல்லவா? தாளாளர் நோட்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். வெளியே தெரிந்தால் அடுத்த வருடம் யார் வந்து சேருவார்கள் என்கிறார். அவளை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஓய்வுக்கு இரண்டு வருடம்தானே இருக்கிறது. கோபப்படாதே.

ஜோதி

தென்காசி
6.2.2025

ஜோதி,

ஜெயபிரியாவைப் புளியங்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தவறு தெரிந்த அடுத்த நிமிடம் அவள் ஓடிவந்து சொன்னதால்தான் அந்த நோயாளி பிழைத்தார். உன் உத்தரவில் அந்த வரி இல்லை.

அவள் அப்பா மந்திரமூர்த்தி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "உண்மையச் சொல்லாம இருந்திருந்தா எம்புள்ள இங்கனயே படிச்சிட்டு இருந்திருப்பா, இல்லையா டீச்சரம்மா?" என்று கேட்டார். குண்டடி பட்டவர்களை எல்லாம் பார்த்தவள் நான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜினாமாக் கடிதம் உன் மேசையில் இருக்கிறது. நோட்டில் என் பங்குக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி. நோட்டு உங்களிடம் இருப்பதால் இங்கேயே எழுதுகிறேன். இதையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்: 26.5.2024.
தவறு: ஜோதிலட்சுமி 'சரி' என்று எழுதியதை நம்பி, நாற்பது பிள்ளைகளை உண்மை எழுத வைத்தேன்.

முத்துவடிவு