வெளியார் களிம்பு

குறிப்பு எண் 1
5 பிப்ரவரி 2024, திங்கட்கிழமை, மாலை மணி 5.40

என் மனைவி பராமரிப்பு இல்லத்தின் பன்னிரண்டாம் எண் அறைக்கு வந்து இன்றோடு இருபத்து மூன்று நாட்கள். பக்கவாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது, நாக்கை விட்டுவிட்டது. மருத்துவர் அதற்காக மகிழ்ந்தார். அந்த நாக்குடன் நாற்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் நான் சற்றுத் தாமதமாகவே மகிழ்ந்தேன்.

இன்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு. குளிர்சாதனம் நாள் முழுவதும் ஓடும் அறை. காற்றில் ஈரமே இல்லை. இல்லத்தார் லோஷன் தடவாமல் இல்லை. காலை ஆறு மணிக்குத் தடவுகிறார்கள். ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டுகிறார்கள். அதாவது, தடவியதை மூன்று மணி நேரம் கழித்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார்கள்.

தலைமைச் செவிலியரிடம் இதை எடுத்துரைத்தேன்.

"தடவுறது ஆறு மணி ஷிப்ட்டு வேலை, குளிப்பாட்டுறது ஒன்பது மணி ஷிப்ட்டு வேலை. அட்டவணை அப்படி இருக்குங்க ஐயா."

"அந்த அட்டவணை யாருடைய காலுக்காகப் போட்டது?" என்றேன்.

நாளை முதல் நானே தடவுவேன். குளித்துத் துவட்டியபின், ஈரம் முற்றிலும் உலர்வதற்கு முன். மணம் சேர்க்காத களிம்பு ஒரு டப்பா வாங்கிவிட்டேன்.

குறிப்பு எண் 2
7 பிப்ரவரி 2024, புதன்கிழமை, மாலை மணி 6.15

ஒரே நாள் தடவினேன். இன்று கதவின் உட்புறம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது: "வெளியார் களிம்பு தடவக் கூடாது."

முப்பத்து நான்கு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார முடியுமா? வெளியார் எவரும் களிம்பு தடவக் கூடாதா, அல்லது வெளியாருடைய களிம்பைத் தடவக் கூடாதா? முதலாவது பொருள் என்றால், கட்டிய கணவன் எந்தக் கணக்கில் வெளியார்? இரண்டாவது பொருள் என்றால், என் டப்பாவை இல்லத்தின் வாசலில் உள்ள மருந்துக் கடையில்தான் வாங்கினேன்.

தலைமைச் செவிலியர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அர்த்தம் உங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்குங்க ஐயா. அதனாலதான் இவ்ளோ கோபம்."

நல்ல பதில். நல்ல பதில் என்று அவரிடம் சொல்லவில்லை.

குறிப்பு எண் 3
8 பிப்ரவரி 2024, வியாழக்கிழமை, காலை மணி 10.05

எண்ணெய், களிம்பு அன்று. இன்று தேங்காய் எண்ணெய்.

குறிப்பு எண் 4
11 பிப்ரவரி 2024, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 4.30

நான்காம் நாள். கெண்டைக்காலில் செதில் அடங்கிவிட்டது. விரல் வைத்தால் வழுவழுவென்று போகிறது. இதை எண்ணெயின் வெற்றி என்பதைவிட நேரத்தின் வெற்றி என்பதே சரி: காலை 9.20, ஈரத்தோல்.

வலது குதிகாலில் மட்டும் ஒரு சிவப்பு, சட்டைப் பொத்தான் அளவு. இரத்த ஓட்டம் குறைவு போலும். வியாழன் முதல் பத்து, பத்து, பதினைந்து நிமிடங்கள், இன்றும் பதினைந்து. அழுத்தித் தேய்த்தேன்.

"என்னங்க, குதிகாலா இல்ல மேஜை விளிம்பா? இந்தத் தேய் தேய்க்கிறீங்க!"

"இரத்தம் ஓட வேண்டாமா?"

"அதாச்சும் ஓடட்டும். நான்தான் ஓட முடியாம கிடக்கறேன்."

வெகுநேரம் சிரித்தேன்.

குறிப்பு எண் 5
14 பிப்ரவரி 2024, புதன்கிழமை, இரவு மணி 7.10

சிவப்பு, பொத்தான் அளவைத் தாண்டிவிட்டது. ஆகவே இருபது நிமிடங்கள். தேய்த்துக்கொண்டிருக்கையில் தலைமைச் செவிலியர் உள்ளே வந்தார்.

"ஐயா, காலெல்லாம் எண்ணெய். நேத்து அம்மாவைத் திருப்பும்போது எங்க நர்ஸ் பொண்ணுக்குக் கை வழுக்கிடுச்சு. கட்டில் கம்பி இல்லைன்னா அம்மா தரையில இருந்திருப்பாங்க. குதிகால் வேற சிவந்திருக்கு. என்னதான் பண்றீங்க?"

"நீங்கள் செய்யத் தவறியதைச் செய்கிறேன்."

"அப்போ சரி. நாளையிலேர்ந்து பார்வையாளர் நேரம் அரை மணி. கதவு திறந்திருக்கும். பேசலாம், தொடக் கூடாது."

தொடக் கூடாதாம். நிர்வாகிக்கு எழுதப்போகிறேன். தேதியும் மணியும் இட்ட இந்த நோட்டே என் சாட்சி.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்பா, நீங்க சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. அம்மா அங்கதானே இருக்கணும்?"

அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை. ஆயினும் எழுதுவேன்.

குறிப்பு எண் 6
16 பிப்ரவரி 2024, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.50

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியிலிருந்து வரும் புண் பராமரிப்புச் செவிலியர் இன்று வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். சிவப்பின்மேல் ஒரு விரலை வைத்து அழுத்தி, எடுத்து, பார்த்தார். மீண்டும் அழுத்தினார்.

"அமுக்கி எடுத்தா ஒரு நொடி வெளுக்கணும். இது வெளுக்கவே இல்ல. உள்ள அடிபட்டிருக்கு. யாராவது தேய்ச்சீங்களா?"

தலைமைச் செவிலியர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான்தான்" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

நோட்டை எடுத்து நானே வாசித்தேன். பத்து. பத்து. பதினைந்து. பதினைந்து. பிறகு இருபது.

"பாரம் விழுந்து சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாதுங்க. மேல தேய்க்கத் தேய்க்க உள்ள சதை நசுங்கும். பாரம் விழாம தூக்கி வெச்சா போதும்." கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தார். குதிகால் படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதோடு முடிந்தது. அவ்வளவுதானா?

பிறகு காலைத் தடவிப் பார்த்து, "ஆனா தோல் ரொம்ப நல்லா இருக்கே. இதை யாரு பார்த்துக்கிறது?" என்றார்.

அதுவும் நான்தான்.

என் கையாலேயே — ஐயோ, என் கையாலேயே. வலிச்சிருக்குமே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை. சொன்னாள். மேஜை விளிம்பு என்று சொன்னாள். நான் சிரிச்சேன். சிரிச்சதையும் எழுதி வெச்சிருக்கேன்.

குறிப்பு எண் 7
17 பிப்ரவரி 2024, சனிக்கிழமை, மாலை மணி 5.00

அரை மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "என்ன, கையை வீட்டிலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

குறிப்பு எண் 8
19 பிப்ரவரி 2024, திங்கட்கிழமை, மாலை மணி 6.30

கடிதத்தின் வரைவு முடிந்தது. 11, 14, 16 தேதிகளின் பக்கங்களை விட்டுவிட்டால் அசைக்க முடியாத கடிதம். எவர் கண்ணிலும் படாது. பிறர் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டே சம்பளம் வாங்கினேன். என் பிழையைக் கிழித்து எறிவதா? இணைப்பேன். இணைத்துவிட்டு, அதே கடிதத்தில் சண்டையும் போடுவேன்.

இதை மனைவியிடம் சொன்னேன்.

"என் காலைப் பத்தி நீங்க ஒரு நோட்டு, அவங்க ஒரு நோட்டு. காலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இங்கயே கிடக்கறேன். யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"என்ன கேட்க வேண்டும்?"

"பேப்பர் குடுங்க."

இடக்கையால் எழுதினாள். அட்டையைப் பிடித்துக்கொண்டேன்; முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னதால் சுவரைப் பார்த்தேன். அரை மணி தாண்டியது. தலைமைச் செவிலியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார். மொத்தம் ஐம்பது நிமிடங்கள். தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

"உங்ககிட்ட வேணாம். நீங்க பிழை திருத்துவீங்க."

மணியடித்து, தலைமைச் செவிலியரை வரவழைத்து, அவர் கையாலேயே மடித்து ஒட்ட வைத்தாள். அதன்பிறகே என்னிடம் தந்து, "பிரிக்காம உங்க லெட்டரோட சேர்த்துடுங்க" என்றாள்.

குறிப்பு எண் 9
21 பிப்ரவரி 2024, புதன்கிழமை, காலை மணி 11.30

காலை 9.20க்கு, குளிப்பாட்டி முடித்ததும், தலைமைச் செவிலியர் லோஷன் புட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "முட்டிக்குக் கீழ, கணுக்காலுக்கு மேல. அதுதான் உங்க எல்லை. எண்ணெய் வேணாம், வழுக்கும். தேய்க்காம தடவுங்க."

எல்லைக்குள் தடவினேன். எனினும் இது வாய்மொழி அனுமதி. பன்னிரண்டாம் எண் அறைக்கு மட்டுமானது. மற்ற அறைகளில் இன்றும் ஆறு மணிக்குத் தடவி ஒன்பது மணிக்குக் கழுவினார்கள். ஆகவே கடிதத்தை நிர்வாகி அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றேன். அதன் கடைசிப் பத்தி: "குதிகால் விஷயத்தில் தவறிழைத்தவன் நான். கற்றுத் தந்திருந்தால் தவறியிருக்க மாட்டேன். தவறியவன் என்பதற்காக வெளியார் ஆகிவிடவும் மாட்டேன்."

கடிதத்துடன் இணைத்தவை:

1. லோஷன் தடவிய நேரமும் குளிப்பாட்டிய நேரமும், நான் நேரில் கண்ட நாட்களுக்கு மட்டும். ஒரு தாள்.

2. இந்த நோட்டின் 5 முதல் 19 வரையிலான தேதிகளின் நகல். குதிகாலைத் தேய்த்த நாட்கள் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டுள்ளன. அடிக்கோடு என்னுடையது.

3. கதவிலுள்ள அறிவிப்புக்குப் பதிலாக ஒட்ட வேண்டிய வாசகம்: "சிவந்த இடத்தை எவரும் தேய்க்கக் கூடாது."

4. என் மனைவி தன் கைப்பட எழுதிய தாள் ஒன்று, ஒட்டியபடி. நான் படிக்கவில்லை. பிழைகள் இருந்தால் இருக்கட்டும்.