சாமியறைக்குக் கீழே இருபத்தேழு

மே 4, ஞாயிறு
மகள் சாரங்கா டோஸ்ட்ருப் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, குழந்தையைக் கையை விட்டு இறக்காமலே திரும்பிப் போய்விட்டாள். சாமியறையில் பூஞ்சண மணமாம். பிறந்த மாதமே நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. மணம் போகும்வரை கொண்டுவர மாட்டேன் என்று டேனிஷில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். கண் கலங்கிச் சொன்னாள்.

மே 10
எங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் இருக்கிறது. தவழ்ந்துதான் போகலாம். இருபத்திரண்டு வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறேன், ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இவர் மரத்தின் ஈரம் பார்க்கும் கருவி வாங்கிவந்து, தானே இறங்கப் போனார். வயிறு விடவில்லை.

"நீர் போம், தங்கம். நான் ரோச் வெளிச்சம் பிடிக்கிறன்."

சிலந்திவலை வாய்க்குள் போனது. ஆனாலும் பிடித்திருந்தது! என் குசினி அடுப்புக்கு நேர் கீழே நானே மல்லாந்து கிடக்கிறேன். தரையைத் தாங்கும் மரங்களில் கருவியைக் குத்திக் குத்திப் பார்த்தேன். குசினிக்குக் கீழே ஈரம் நூற்றுக்கு 15. கூடத்துக்குக் கீழே 16. சாமியறைக்குக் கீழே, வெளிச்சுவர் மூலையில் மட்டும் 27. இருபதைத் தாண்டினால் மரம் உக்கி அழுகத் தொடங்குமாம்.

ஏன் அந்த மூலை மட்டும்?

மே 17
இவர் கண்ணில் குற்றவாளி என் சமையல் ஆவி. என் கண்ணில் இவர். குளிருகிறதென்று தரைக்குக் கீழே சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களைப் பஞ்சால் அடைத்தவர் யார்? நல்ல பேச்சு வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி எல்லாப் பஞ்சையும் இழுத்தெடுத்தார்.

மே 31
இன்னும் 27. பஞ்சும் காரணமில்லை.

ஜூன் 3
குழாய் வேலைக்காரர் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் குழாயே இல்லை. நிலத்து ஈரமென்றால் தரை முழுவதையும் கிளப்ப வேண்டுமாம். "வீட்டை வித்துப்போட்டுப் போவம்" என்கிறார் இவர். விற்பதா? கண்டுபிடிக்காமலா?

ஜூன் 22
எஸ்பியர்க் நகரத்தில் தங்கச்சிக்கு முழங்கால் ஒப்பரேஷன். இரண்டு வாரம் அங்கே நின்றுவிட்டு வந்தோம். பெட்டியைத் திறக்கமுன் கீழே இறங்கினேன்.

23!

இரண்டு வாரமும் இங்கே மழை என்கிறார்கள். அப்படியென்றால் மழையுமில்லை, நிலமுமில்லை. நாங்கள் இல்லாதபோது காய்கிறது. நாங்கள் அப்படி என்ன செய்கிறோம்?

ஜூலை 5
திரும்பவும் 26.

ஜூலை 6
இன்று ரோச் வெளிச்சத்தை மரத்தில் அடிக்காமல் சுவரில் அடித்தேன். காற்றுத் துவாரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு மஞ்சள் கோடு. தொட்டு மணந்தேன். குசினி மஞ்சளேதான். கம்பிவலையில் ஒரு காய்ந்த செவ்வந்தி இதழ்.

ஐயோ, நான்தான்.

பிள்ளையாரைக் குளிப்பாட்டின தண்ணி. சிங்குக்குள்ள ஊத்தக்கூடாது, கால் படக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் அந்த மூலைக்கு வெளியிலதானே ஊத்திறன்! வெள்ளியெண்டால் ஒரு வாளி. முந்தி மண் குடிச்சது. போன வருஷம் நான் சேத்துக்குள்ள நிக்கிறனெண்டு இவர் அதில கல்லுப் பதிச்சார். அதுக்குப் பிறகு எல்லாம் சரிஞ்சு துவாரத்துக்குள்ளதான் போயிருக்கு.

இவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? பஞ்சுக்காக எவ்வளவு பேசிவிட்டேன்.

ஜூலை 7
சொன்னேன். சிரித்துத் தீர்ப்பார் என்று நினைத்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கல்லைப் பதிச்சது நானெல்லோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 30
உக்கிய மரத்துண்டை மாற்றியாயிற்று. புது மரம் 16, பக்கத்து மரம் 17. இன்னும் வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறேன். இப்போது தேவையில்லைதான். சும்மா, பார்க்க.

செப்டம்பர் 14, ஞாயிறு
சாரங்கா பிள்ளையோடு வந்தாள். சாமியறை வாசலில் நின்று மூச்சை இழுத்தாள், இன்னொருமுறை இழுத்தாள். மணம் இருக்கிறதா என்று கேட்கப் பயந்து, பூசைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தோட்டக் கடைசியில் நிற்கும் அப்பிள் மரம்வரை இவர் புதிதாகக் கல் பதித்திருக்கிறார். சேறு படாமல் போய் ஊற்றினேன்.

திரும்பி வந்து பார்த்தால், பிள்ளையைச் சாமியறைத் தரையில் இறக்கிவிட்டிருந்தாள்.