கோழி தின்ற மாத்திரை

மடுல்சீமை
2024 பெப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

வியாழக்கிழமை கிளினிக்கில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டொக்டர் வதனி என்னைத்தான் கேட்டார்: "கல்சியம் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" பக்கத்தில் இருந்த மாமி, "ஆமாங்க, நேரத்துக்குக் குடிக்குதுங்க" என்றார். அந்த மாத்திரைகளை மாமி பொடி செய்து, தவிட்டோடு பிசைந்து கோழிகளுக்குப் போடுகிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். கிளினிக் நடப்பது, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் உங்கள் அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. போனில் சொன்னால் லயத்தின் வரிசை வீடுகள் முழுவதற்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

மாமி காரணத்தை ஒளிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையின் எலும்பு இறுகி, தலை கல்லாகி, பிரசவத்தில் என்னைக் கொன்றுவிடுமாம். பாலும் நெத்தலியும் அதே காரணத்துக்காக நிறுத்தம். எனக்குக் கிடைப்பது ரொட்டி, சம்பல், பிளேன்டீ.

கோழிகள் நன்றாக இருக்கின்றன. முட்டை ஓடு இப்போது ஒரே தட்டில் உடைவதில்லை. மாமி அதையே சாட்சியாகக் கொண்டுவந்து காட்டினார்.

"பாத்தியா ஓட்ட? ஒம் வயித்துல இருக்கறதோட தலையும் இப்படித்தான் ஆகும்."

"கோழி சாகலியே மாமி" என்றேன்.

"படிச்ச வாயி" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பதினெட்டு வயது. என் எலும்பே இன்னும் முழுதாக முற்றவில்லை. நான் சாப்பிடாததைப் பிள்ளை என் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அங்கேயும் போதாவிட்டால் இருவருக்கும் குறைதான் என்று டொக்டர் போன மாதமே சொன்னார். பரீட்சையை விட்டுவிட்டு உங்களோடு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் உடம்பை யார் கையிலும் ஒப்படைத்துவிட்டு நான் வரவில்லை. மாமியிடம் பேசுங்கள்.

உங்கள்
ஜெசீகா


கொழும்பு
2024 பெப்ரவரி 20

அன்புள்ள ஜெசீக்கு,

மாதா துணையில் நான் சுகம். கடையில கொத்து ரொட்டி தட்டித் தட்டி காது பாதி அடைச்சுப்போச்சு. அதனால ஒன் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுடாத. கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன்.

அம்மா மேல கோபப்படாத. எங்க ஜெனீரா அக்கா பிரசவத்துல செத்தது ஒனக்குத் தெரியும். எப்படின்னு நான் சொன்னதில்ல. அக்காவும் இதே மாத்திரைய ஒழுங்கா குடிச்சவதான். வலி வந்த அன்னைக்கு நல்ல மழை. தோட்டத்து லொறி வரவே விடிஞ்சிருச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடந்துச்சு. பசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல, அதுக்குள்ள அக்காவும் பிள்ளையும் போயிட்டாங்க. செத்த வீட்டுல யாரோ, பிள்ளைக்குத் தலை பெருசு, மாத்திரையால வந்த வினைன்னு சொல்லிட்டாங்க. அம்மா அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க ஒன்னையக் கெடுக்க நினைக்கல. பயப்படுறாங்க.

இன்னும் கொஞ்ச நாள்தானே. பொறுத்துக்க.

ஒன்
ஜீவராஜ்


மடுல்சீமை
2024 மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெனீரா அக்காவுக்காக அழுதேன். மாமியின் கோழிகளைப் பார்க்கும்போதும் இப்போது கோபம் முன்போல் வரவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். லொறி வரவில்லை, ரோடு சரிந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவைக் கொன்றது அவர் விழுங்கிய மாத்திரையா? ரோட்டைக் கேட்க முடியாத இடத்தில் மாத்திரையைக் குற்றம் சொல்வது சுலபம். அந்தச் சுலபத்துக்கு என் பிள்ளையின் எலும்பை நான் கொடுக்கமாட்டேன். கொஞ்ச நாள் என்கிறீர்கள். பிள்ளையின் எலும்பு கட்டுவது இந்தக் கொஞ்ச நாளில்தான்.

இந்த முறை கிளினிக்கில் மாமி எடை பார்க்கும் இடத்தில் பேச்சில் இருந்தபோது டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையின் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல்தான் இருக்கும், வெளியே வரும்போது மடங்கிக் கொடுக்கும், கல்சியம் அதை மாற்றாது என்றார். இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் போடக்கூடாதாம். இரண்டையும் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாதாம். தோட்டத்தில் எல்லோரும் மாத்திரையைப் பிளேன்டீயில்தானே விழுங்குகிறோம். மாத்திரை என் கையில் கிடைத்த சில நாட்களில் நானும் அப்படித்தான் விழுங்கினேன்.

மாத்திரையை இப்போது என் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அங்கே இருப்பதை மாமி பயபக்தியில் தொடமாட்டார். சாப்பாட்டுக்கு வீட்டு முன்புற இஸ்தோப்பின் ஓரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டேன். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, ஒரு காம்பராவுக்கு ரெண்டு பொகையா?" என்றார். தன் பேரப்பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுப்பதால் அவரே பாலும் கொண்டுவந்து தருகிறார். நெத்தலியும் கீரையும் சமைக்கிறேன்.

அடுப்புப் பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று இங்கே அர்த்தம். தெரிந்தேதான் செய்தேன்.

பிரசவத் திகதிக்கு முன்னாலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். லொறிக்குக் காத்திருக்கமாட்டேன்.

ஜெசீகா


கொழும்பு
2024 மார்ச் 15

ஜெசீக்கு,

அம்மா போன் பண்ணி அழுதாங்க. "மகளத்தான் மண்ணுல வச்சேன், மருமகளத் தனி அடுப்பு வைக்க விட்டுட்டேன்னு ஊரு சிரிக்குது"ங்கிறாங்க. ஒன் மாத்திரைய நீ குடி, வேணாங்கல. ஆனா அந்த அடுப்ப எடுத்துரு. எடுத்துட்டு எழுது. அது வரைக்கும் நானும் எழுத மாட்டேன்.

ஜீவராஜ்


மடுல்சீமை
2024 ஜூன் 23

அன்புள்ள மச்சானுக்கு,

அடுப்பை எடுக்காமலே எழுதுகிறேன்.

சொன்னபடி முன்கூட்டியே பதுளைக்குப் போனேன். மாமியும் வந்தார். ஒரே பஸ், வேறு வேறு சீட். பசறைக்கு முன்னால், அன்று மண் சரிந்து கிடந்த அந்த வளைவு வந்தபோது அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவு தாண்டியும் எழுந்து போகவில்லை.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். வார்டு டொக்டர் பிள்ளையின் கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார். அவர் போன பிறகு மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையின் உச்சியில் ஒரு விரலை வைத்தார். உச்சிக்குழி மெத்தென்று துடித்துக்கொண்டிருந்தது. விரலை நீண்ட நேரம் எடுக்கவில்லை.

"இம்புட்டு மெதுவா இருக்கு" என்றார். பிறகு, "ஜெனீரா புள்ளைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்" என்றார்.

பிள்ளைக்கு ஜெனீரா என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை.

நீங்கள் வந்தால் எந்த அடுப்பில் சாப்பிடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் பால் கொடுக்கிறவள். மாத்திரையை இன்னும் தொடர வேண்டும், சாப்பாட்டையும் விட முடியாது.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் காலை என் அடுப்புக் கல்லின் மேல் இரண்டு முட்டைகள் இருந்தன. மாமி கொழுந்தெடுக்கப் போயிருந்தார். முட்டைகளை அவித்துச் சாப்பிட்டேன். ஓடு உடைய நேரம் எடுத்தது.

ஜெசீகா