புதுச் சாலை வளைவில் நிற்போம்

அன்பு மகள் செராய்னாவுக்கு அப்பா ஃப்ளூரின் எழுதுவது, இங்கே நானும் அம்மாவும் தங்கை லதீனாவும் சுகம், பெல்ஜியத்து மழையில் உனக்கு இருமல் வராமலிருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. (அக்கா, சுகம் என்பது பச்சைப் பொய். கோழிக்கூண்டின் கூரையில் ஏறி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார். சைக்கிள் பந்தயத்தில் காலமெல்லாம் அடுத்தவனுக்குத் தோள் கொடுத்தவருக்குக் கடைசியில் தோளே போயிற்று. அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான், லதீனா. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.)

உன் கடிதம் வந்தது, அணித்தலைவிக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பதே வேலையாகிவிட்டது, என் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது, அடுத்த வாரம் நம் ஊர் வழியாகப் போகும் பந்தயத்தோடு சைக்கிள் ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன், நீங்கள் யாரும் சாலையில் வந்து நிற்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். விடுவதும் விடாததும் உன் இஷ்டம், நான் தலையிடவில்லை. (தலையிடத்தான் இந்தக் கடிதமே.) நானும் பாட்டில் சுமந்தவன்தான், என் தலைவன் ரென்ட்ஸோவுக்குக் காற்றை மறைத்து முன்னால் ஓட்டிவிட்டு மலையடியில் பின்தங்கிவிடுவேன், ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. ஒருமுறை பந்தயம் நம் ஊர் வழியாக வந்தது, சொந்த ஊர்க்காரனை மற்றவர்கள் முன்னால் போகவிடுவார்கள் இல்லையா, வீட்டாரைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று, ஆனால் பிடிக்காதவனை விடமாட்டார்கள். ரென்ட்ஸோ என் முதுகில் தட்டி, போடா ஃப்ளூரின், உன் ஆளு காத்துக்கிட்டிருப்பா, நாங்க மெதுவா வர்றோம் என்றான். பறந்தேன். வந்து பார்த்தால் ஓர் ஆள் இல்லை. மண்சரிவால் பாதையைப் புதுச் சாலைக்கு மாற்றியிருந்தார்கள், நம் ஆட்களோ எப்போதும்போல பழைய சாலையில் நீரூற்றுப் பக்கம் கொடியோடு நிற்கிறார்கள். நான் மூன்று மாடுகளுக்குக் கையசைத்தேன். (பின்னால் வந்தவர்கள், என்னப்பா, உன் சொந்தக்காரங்க எல்லாருக்கும் கொம்பு முளைச்சிருக்கே என்றார்களாம்.) அந்த நேரம் பார்த்து, எனக்கு நிச்சயம் செய்திருந்த உன் அம்மா, வால்நட் கேக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு புல்வெளிக்குக் குறுக்கே ஓடி வருகிறாள். ரென்ட்ஸோ கையைத் தூக்கி, டேய், எவனும் பெடலை மிதிக்காதீங்கடா, பொண்ணு வேலியைத் தாண்டட்டும் என்று கத்தினான். நூறு பேருக்குமேல் நடைவேகத்தில் ஊர்ந்தார்கள். பெயர் தெரியாதவனுக்காக யாரும் மிதிப்பதை நிறுத்தமாட்டார்கள் செராய்னா. அன்றைக்கு நான் கேக்கை வாயில் திணித்துக்கொண்டு முன்னால் ஓட்டினேன், அவ்வளவுதான் என் தொழில் வாழ்க்கை, குறையொன்றும் இல்லை.

அதனால் நீ வேண்டாம் என்றாலும் நாங்கள் வந்து நிற்போம், இந்த முறை புதுச் சாலை வளைவில், கொடியோடு. மற்றவர்கள் முன்னால் போ என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் ஒளியாதே. சொல்லாவிட்டால் கூட்டத்தோடு போய்விடு, தப்பில்லை. விடுவதா என்பதை வளைவைத் தாண்டியபின் முடிவுசெய், எதுவானாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வாற்கோதுமை சூப்பு இருக்கும். முழங்காலில் குளிர் படவிடாதே, மழைச் சட்டையை மறக்காதே. நல்லபடியாக வந்து சேர், எங்கள் ஆசி உன் சக்கரத்துக்கு முன்னால் ஓடட்டும்.

(அக்கா, அம்மா இப்போதே தினமும் வேலி தாண்டிப் பழகுகிறாள். நேற்று பாவாடை மாட்டிக்கொண்டது. அவளுக்காகவாவது மெதுவாக வா.)

கையெழுத்தை மட்டும் இடது கையால் கிறுக்கிய,
அப்பா ஃப்ளூரின்