வாட்சில் குறையில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு கிலோமீட்டர் ஓடினேன் என்று எழுதலாம். ஐந்தாகவும் இருக்கலாம். என் பழைய வாட்ச் தூரம் காட்டாது, நேரம் மட்டும்தான். இப்போது அதையும் ஒழுங்காகக் காட்டுவதில்லை, எண்கள் வெளுத்துவிட்டன. ஓடும்போது நெட்டையிடம் மூன்று தடவை மணி கேட்டேன். மூன்றாவது தடவை நின்றேவிட்டான். "ஏன்டா, உன் கையில கட்டியிருக்கிறது என்ன, வளையலா?"

நெட்டையும் என்னைப் போல டிப்போவில் பஸ் டிரைவர். இருபது வருஷப் பழக்கம். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் துணையாக ஓட வந்தவன். நான்கு வருஷத்தில் என்னைவிட நல்ல ஓட்டக்காரன் ஆகிவிட்டான். போன மாதம் ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று வாங்கினான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சத்தம் போடுகிறது, இவன் வகுப்பில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.

எனக்கும் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்.

மார்ச் 6, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து கடைக்குப் போனேன். தலை சுற்றிவிட்டது. ஒரு வாட்ச் நீச்சலை எண்ணுமாம். ஒன்று தூக்கத்துக்கு மார்க் போடுமாம். ஒருவன் தூங்குவதற்குக்கூட பரீட்சையா? "நான் ரோட்டுல ஓடுறவன்மா. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், அது போதும்" என்றேன்.

கடைப் பெண் பொறுமைசாலி. திரையில் இரண்டு வகை என்று விளக்கினாள். ஒன்று வெயிலில் நன்றாகத் தெரியும், சார்ஜ் இரண்டு வாரம் தாங்கும், ஆனால் கொஞ்சம் மங்கல். மற்றது போன் மாதிரி பளிச்சென்று இருக்கும், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். சார்ஜ் தாங்குவதையே எடுத்தேன். கையில் கட்டிவிட்டு, "படிக்க முடியுதா சார்?" என்றாள்.

"நல்லாத் தெரியுதே" என்றேன்.

வீட்டில் பெண்டாட்டி பார்த்துவிட்டு, "இது இல்லாம இத்தனை நாள் காலே நகரலையாக்கும்" என்றாள். அவள் பாராட்டு எனக்குப் புதிதா என்ன.

மார்ச் 9, ஞாயிறு

வாட்ச் முதலில் வானத்தில் சிக்னல் தேடவேண்டுமாம். அது கிடைக்கும்வரை தெருமுனையில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பால் வாங்கப் போனவர்களெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நெட்டைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

கிடைத்தது, ஓடினோம். ஆனால் ஓடிக்கொண்டே அதைப் படிக்க முடியவில்லை. எண்களா எறும்பா என்றே தெரியவில்லை. நின்று பார்த்தேன், அப்போதும் நடுவில் ஒரு எண் இருப்பதும் இல்லாததுமாக இருந்தது. இப்படி ஒரு திரையைச் செய்து விற்கிறார்களே, அவர்களைச் சொல்லவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வாட்சைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஏழு நாளைக்குள் மாற்றலாம் என்பதால் கடைப் பெண் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தாள். இந்தமுறை பளிச்சென்ற திரை. அவளே அதைத் தட்டித் தட்டி, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு எண் வருகிற மாதிரி வைத்தாள். இதைவிடப் பெரிதாக எண் போட வாட்சில் இடமே இல்லை.

"இப்ப என்ன காட்டுது சார்?"

சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவள் போகாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? வாட்சை நேராப் பாக்காம ஏன் ஓரமாப் பாக்குறீங்க? கோழி பாக்குற மாதிரி…" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ. "வாட்ச் விக்கிற வேலைய மட்டும் பாரு, கண்ணாஸ்பத்திரி வேலை உனக்கு எதுக்கு" என்று கத்திவிட்டு வந்தேன். கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். அவள் மூஞ்சி சுருங்கிப்போனது. அது மட்டும் எனக்கு எப்படித் தெளிவாகத் தெரிந்ததாம்? அவளையும் ஓரமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

சரி. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிடம்கூடப் பொய் சொல்லி என்ன சாதிக்கப்போகிறேன்?

வலது கண்ணில், நேராகப் பார்க்கும் இடத்தில், ஒரு அழுக்கு இருக்கிறது. கண்ணாடியில் யாரோ பெருவிரலை வைத்து எடுத்த மாதிரி. ஐந்தாறு மாதமாக இருக்கிறது. இடது கண்ணில் அழுக்கு இல்லை, ஆனால் விளக்குக் கம்பம் வயிற்றில் வளைந்து தெரிகிறது. முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் எல்லாம் தெரியும். அதனால் திருப்பிக்கொண்டே இருந்தேன். கழுத்துவலி என்று பெண்டாட்டியிடம் சொன்னேன், அவளும் தைலம் தேய்த்துவிட்டாள்.

தினமும் காலையில் ஃபேக்டரிக்கு நாற்பத்தோரு பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன். ஆறு வருஷமாக அதே ரூட். எங்கே வளைவு, எங்கே மேடு, எல்லாம் மனப்பாடம். ரோட்டை எங்கே பார்த்தேன்? ஞாபகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிப்போவின் கண் பரிசோதனையும் அப்படித்தான். முதலுதவி அறையில் ஒன்பது வருஷமாக ஒரே எழுத்து அட்டை தொங்குகிறது. ஏமாற்றவேண்டும் என்று யாரும் படிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அது வாய்ப்பாடு மாதிரி ஏறிவிட்டது. ஆறாவது வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். புதுசாக வருகிறவனுக்கு, பஸ் கழுவும்போது நெட்டை அதை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பான். "தயங்காம சொல்லணும்டா, தயங்கினா மாட்டிக்குவ."

கடையில் மனப்பாடம் பண்ண ஒன்றும் இல்லை. அதுதான் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று பரிசோதனை. தயங்காமல் சொன்னேன். "இந்த வயசுலயும் கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு" என்று நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். 

மார்ச் 23, ஞாயிறு

வாட்சை மேஜைமேல் வைத்திருந்தேன். அவள் சமையலறையிலிருந்து சொன்னாள்: "பன்னெண்டு பத்து ஆயிடுச்சு, சாப்பிட வாங்க."

"மணி எங்க பாத்த?"

"உங்க வாட்ச்லதான். இங்கேருந்தே தெரியுதே. எதுக்குங்க இவ்வளவு பெருசா வச்சிருக்கீங்க?"

 அவள் கரண்டியோடு வந்து என் எதிரில் நின்றாள். "ஏங்க, என்னைப் பாருங்க. இல்ல, நேரா பாருங்க." பார்த்தேன். அவள் இருக்கவேண்டிய இடத்தில் அந்த அழுக்குதான் இருந்தது. வேறு பேச்சுப் பேசி எழுந்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று காலை நடந்தது.

ஃபேக்டரி கேட்டுக்கு முந்தின வளைவு. ரோடு காலி. சத்தியமா காலியாத்தான் இருந்தது. திடீர்னு முன் சீட்டிலிருந்து "தம்பீ!"ன்னு ஒரு அலறல். கேன்டீன்ல வேலை செய்யற அக்கா. தினம் அதே சீட்டுதான். நான் எதையும் பார்க்கலை, அந்தச் சத்தத்துக்குத்தான் பிரேக்கை மிதிச்சேன். பஸ் குலுங்கி நின்னது. அப்புறம் தலையைத் திருப்பினா, பம்பருக்கு ஒரு கை தூரத்துல சைக்கிளோட ஒரு பொண்ணு. பின்னால கட்டின டிபன் பாக்ஸ் கீழே விழுந்து உருண்டுட்டு இருந்தது. அதை எடுத்துக்கிட்டு என்னைத் திட்டாமக்கூடப் போயிட்டா.

உள்ளே ஒருவருக்கு நெற்றியில் வீக்கம். அவர்கூடக் கோபப்படவில்லை. எல்லாரும் இறங்கும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். "உங்க கண்ணாலதான் அண்ணே அந்தப் பொண்ணு பொழைச்சா." இதைவிட அவர்கள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கேன்டீன் அக்கா கடைசியாக இறங்கினார். பாராட்டவில்லை. "நாளைக்கு லீவு போட்டு கண்ணைக் காட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 28, வெள்ளி

கண்ணாஸ்பத்திரிக்கு அவளும் கூட வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சர்க்கரை கண்ணுக்குள் போயிருக்கிறதாம். பார்வையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. வலது கண் ரொம்ப, இடது கண் ஆரம்பம். கண்ணுக்குள்ளேயே ஊசி, மாதம் ஒன்று என்றார் டாக்டர். "இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம். போனது திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கணும்." என்ன வேலை என்று கேட்டார்.  அவள்தான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடலாமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்ட என்னை எதில் சேர்ப்பது? ஊசி போட்ட வாரம் வேண்டாம், மற்றபடி ஓடலாம் என்றார். பஸ் மட்டும் இனி கிடையாது.

மார்ச் 31, திங்கள்

காலையில் அவள் சொல்லி அனுப்பினாள்: "உங்க கண்ணு போனத மட்டும் சொல்லிட்டு வாங்க. அட்டைக் கதையெல்லாம் எதுக்கு? மத்தவங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டு நாம எங்க போய் நிக்கிறது?"

அதையேதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் முன்னால் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். நல்ல மனுஷன், காபி வரவழைத்தார். அப்புறம் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பதினோரு நாளைக்கு முன்னாலதானே டெஸ்ட்ல பாஸ் ஆகியிருக்கீங்க?" என்றார்.

பிழைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். அந்த டிபன் பாக்ஸ் உருண்ட சத்தம் காதில் இருந்தது. "அட்டையை மாத்துங்க சார். அது எங்க எல்லாருக்கும் மனப்பாடம்" என்றேன். காபி அப்படியே ஆறிப்போனது.

ஏப்ரல் 9, புதன்

புது அட்டை வந்துவிட்டது. மூன்று பேர் தேறவில்லை. இரண்டு பேருக்குக் கண்ணாடி போட்டால் போதுமாம். மூன்றாவது நெட்டை. இடது கண்ணில் புரை.

குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். சட்டையை எட்டிப் பிடிப்பான் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. குரல்தான் உடைந்தது. "உன் வண்டி கவுந்தா நீ மட்டும் இறங்கிப் போகவேண்டியதுதானே மச்சான்? என்னையும் ஏன் இழுத்த? இருபது வருஷம்டா."

அவனுக்கு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். மூன்று மாதம் பஸ் கழுவுகிற வேலை, அப்புறம் மறுபடி ஸ்டியரிங். எனக்கு அது கிடையாது. ஆனால் கோபப்படுகிற உரிமை என்னவோ அவனுக்குத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

என்னை டிப்போ கேட்டில் போட்டிருக்கிறார்கள். பஸ் வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்கவேண்டும். போகிறபோதும் வருகிறபோதும் கையைக் காட்டுவது டிரைவர்களின் வழக்கம். இப்போது ஒருத்தனும் காட்டுவதில்லை. காட்டி எனக்குத்தான் தெரியவில்லையோ என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். அதெல்லாம் இல்லை.

மே 3, சனி

கடைப் பெண்ணைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா, பாக்காமலே பயன்படுத்துற மாதிரி வாட்ச் வேணும்" என்று சொல்லிவிட்டேன். டிப்போவுக்கு வெளியே வேற்று மனுஷியிடம் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. 

"எதுக்கு சார் இன்னொண்ணு? இதுல குறையொண்ணும் இல்லையே" என்று என் கையிலிருந்ததையே கழற்றி வாங்கினாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது கையில் அதிரும். போனோடு சேர்த்தால் ஒற்றைக் காதில் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும். மற்றக் காது ரோட்டுக்கு. அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். மன்னிப்பைக் கடைசிவரை கேட்கவே இல்லை நான். வாசலைத் தாண்டித்தான் ஞாபகம் வந்தது, திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது.

மே 18, ஞாயிறு

தனியாக ஓடினேன். இரண்டாவது கிலோமீட்டரில் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தேன். காதில் அது பாட்டுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. தூரம் சொல்கிற வாட்ச் எங்கும் கிடைக்கும். பள்ளம் இருக்குடா என்று சொல்கிற ஒன்றை நான் எந்தக் கடையில் போய்க் கேட்பேன்?

மே 19, திங்கள்

முழங்காலில் மருந்து போடும்போது அவள் அழுதாள். இனி ஓடவேண்டாம் என்றாள். சரி என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், சர்க்கரை எகிறிவிட்டது. அவளே ஷூவை எடுத்து வைத்தாள். "மெதுவாப் போங்க. நடந்தாலும் போதும்."

மெதுவாகத்தான் போனேன். பள்ளங்கள் இருக்கிற ரோட்டில் கிட்டத்தட்ட நடைதான். கையில் ஒரு தடவை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்த நீளமான எட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? திரும்பவில்லை. ஆபரேஷன் ஆகி அவன் ஓட ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போய்விடுவான் என்று ஓரமாக ஒதுங்கினேன்.

தாண்டவில்லை. வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தான். இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், இன்றும் நூறு அடி வரைக்கும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"இடது பக்கம் பள்ளம்" என்றான்.

நான் வலது பக்கம் நகர்ந்தேன்.

"இன்னும் ஒண்ணு."

மறுபடி நகர்ந்தேன்.