சுவரோரம் ஒரு விரல் இடைவெளி

அன்புள்ள என் மனைவிக்கு,

வலது முழங்காலையும் இடது கைக் கட்டைவிரலையும் தவிர்த்து, நான் நலம். அவை இரண்டும் எப்படி விதிவிலக்காயின என்பதைக் கீழே எழுதுகிறேன். உன் இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்றும், கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடத்தை ஒரு முறை கடந்தாய் என்றும் உன் தங்கை சொன்னாள். இந்த நான்கு மாதங்களில் என் காதுக்கு வந்த செய்திகளில் இதைவிட நல்லது வேறில்லை.

தொலைபேசியில் பேசினால் நான் உன்னைக் குறுக்கு விசாரணை செய்வதாகவும், ஆகவே சொல்வதை எழுதி அனுப்புமாறு நீ கேட்டதாகவும் அவள் தெரிவித்தாள். "என்ன சாப்பிட்டேன்னு அவர் கேட்டாக்கூட கூண்டுல நிக்கிற மாதிரி இருக்குடி" என்று சொன்னாயாம். மறுப்பதற்கில்லை. எழுதுகிறேன்.

உன் தையல் இயந்திரத்தையும், அலமாரியில் மீதமிருக்கும் துணிகளையும் அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தாய். அங்கே உனக்கென்று ஓர் அறையையே ஒழித்துக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். "அத்தான், அக்கா இனிமே இங்கேயே இருக்கட்டும். அவ விழுந்த அந்த வழவழத் தரையை நினைச்சாலே அவளுக்குப் பயமா இருக்கு" என்று உன் தங்கை சொன்னபோது, அது அவள் முடிவா, உன் முடிவா என்று கேட்க வாய் வரை வந்தது. விசாரணை ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டேன். இயந்திரத்தை இன்னும் அனுப்பவில்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்கிறேன். அதற்குள் அந்த வழவழத் தரை இந்த வீட்டில் இராது.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மரத்தரை போடுகிறேன். நானேதான் போடுகிறேன். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சுவர்க் கடிகாரத்துக்கு ஓர் ஆணி அடிக்க மூன்று பேரிடம் கருத்துக் கேட்டவன்தான். தரை போடும் ஆட்கள் பத்து வாரத்துக்குப் பிறகே வர முடியும் என்றார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்தக் கடிதத்தில் எழுத இயலவில்லை.

வேலை நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. பழைய டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. அதன்மேல் நுரை விரிப்பைப் பரப்பி, அதன்மேல் பலகைகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பலகையின் விளிம்பில் நாக்குப் போல ஒரு நீட்டல், அடுத்ததில் அது நுழையும் காடிப் பள்ளம். சாய்த்து நுழைத்து அழுத்தினால் விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தத்துடன் பூட்டிக்கொள்கிறது. பசையும் இல்லை, ஆணியும் இல்லை; இறுகாத இடத்தில் சுத்தியலால் தட்டினால் போதும். மரக்கடையை நடத்தும் அம்மையாரை ஊரே அக்கா என்கிறது. நானும் அப்படியே அழைக்கிறேன். "ரெண்டு நாள் பலகையை வீட்டுக்குள்ளயே வெச்சிருங்க சார், வீட்டுக் காத்து பழகட்டும்" என்றார். நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்திருந்தேன். நிமிடக் கணக்கும் என்னிடம் இருக்கிறது, உனக்காக விட்டுவிடுகிறேன்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் மட்டும் புகார் சொல்ல இறங்கி வந்தாள். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவள். "சார், நீங்க தட்டுறது என் தலையணைக்குள்ள கேக்குது" என்றாள். பிற்பகல் நான்கு மணி முதல் ஆறு மணி வரை மட்டுமே சுத்தியல் எடுப்பது என இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். கட்டைவிரல் அடிபட்டது அந்த ஒப்பந்த நேரத்தில்தான். ஆகவே அவள் மீது பழியில்லை.

கூடத்தில் பாதி முடிந்துவிட்டது. சுவரை ஒட்டிய பலகைகளை நான் அறுத்திருக்கும் துல்லியத்தை நீ பார்க்க வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் இடையே ஒரு தாளைச் செருக முடியாது.

மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
முழங்காலில் தவழும்
உன் கணவன்

*

அன்புள்ள என் மனைவிக்கு,

சென்ற கடிதத்தின் கடைசி வரிகளை நான் திரும்பப் பெறுகிறேன்.

கூடம் முழுவதும் முடிந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் காலை கூடத்துக்கு வந்து பார்த்தால், நட்ட நடுவில் தரை எழும்பி நிற்கிறது. போர்வைக்குள் பூனை படுத்திருப்பது போன்ற ஒரு மேடு. காலால் அழுத்தினால் இறங்கியது. காலை எடுத்தால் எழுந்தது. என் சட்டத் தொகுதிகள் இருபத்திரண்டையும் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கி வைத்தேன். அவ்வளவு கனமான நூல்களுக்கு இப்படியாவது ஒரு பயன் கிடைக்கட்டும் என்று நீ சொல்லியிருப்பாய். அந்தப் பயனும் கிடைக்கவில்லை. பூனை பக்கத்துப் பலகைக்கு நகர்ந்து படுத்துக்கொண்டது.

வேறு வழியின்றி மரக்கடை அக்காவை அழைத்து வந்தேன். அவர் மேட்டைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரோரம் போய்க் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏன் சார், சுத்தி ஒரு விரல் இடம் விடணும்னு பலகையோட குடுத்த தாள்ல போட்டிருந்துச்சே, படிக்கலையா?" என்றார்.

படித்திருந்தேன். அதுதான் வெட்கம். இரு முறை படித்து அடிக்கோடும் இட்டிருந்தேன். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் வக்கீலாக எல்லைத் தகராறு வழக்குகளை நடத்திய எனக்கு, ஓரத்தில் இடம் விடு என்று யார் சொன்னாலும் மனம் ஏற்பதில்லை. அரையடி விட்டுக்கொடுத்தவர்கள் வேலியே பறிபோன பிறகு என் முன்னே வந்து அழுததைப் பார்த்தவன். அந்த வாக்கியம், சரியாக அளக்கத் தெரியாதவர்களுக்குத் தரப்பட்ட சலுகை என்று பொருள் கொண்டேன். எனக்குத்தான் அளக்கத் தெரியுமே. சுவர் வரைக்கும் உரிமை கொண்டாடிவிட்டேன்.

"மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அது மூச்சு விடுது சார். நாலு பக்கமும் கழுத்தைப் பிடிச்சா அது எங்க போகும்? மேலதான் எழும்பும்" என்றார் அக்கா. பிறகு, "முதல்ல அந்தப் புத்தகத்தை எல்லாம் எடுங்க. பலகை உங்க சட்டத்துக்குப் பயப்படாது" என்றார். சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவள் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

சுவரோர வரிசைகளைக் கழற்றி, ஒரு விரல் அகலம் அறுத்தெடுத்து, மீண்டும் கோத்தேன். அறுத்த துண்டுகள் ஒரு சாக்கை நிறைத்தன. எதையும் அழுத்தவில்லை. மூன்றாம் நாள் மேடு தானாகப் படிந்துவிட்டது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கச் சுவரோரமாக ஒரு மெல்லிய பட்டையைச் சுவரிலேயே பொருத்த வேண்டும், பலகையில் அல்ல. அதை இந்த வாரம் முடிப்பேன்.

மேடு படிந்த அன்று பிற்பகலே உன் தையல் இயந்திரத்தை எண்ணெய் விட்டுத் துடைத்து, நான்கு பக்கமும் பழைய போர்வை சுற்றி, லாரி அலுவலகத்தில் பதிவு செய்தேன். துணிகளை இரண்டு பெட்டிகளில் வைத்திருக்கிறேன். நூல்கண்டுப் பெட்டியும் உள்ளே இருக்கிறது. நீ உன் பொருளைக் கேட்டாய். நான் அவகாசம் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. தரை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அது உன்னிடம் வந்திருக்க வேண்டிய பொருள். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

நீ அங்கே எதையேனும் தைக்கத் தொடங்கினால், என்ன தைக்கிறாய் என்று எழுது. விசாரணை இல்லை. தெரிந்துகொள்ள ஆசை.

உன் உடல் தேறி வரட்டும்.

அன்புடன்,
உன் கணவன்

*

அன்புள்ள என் மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பது சற்று மிகை. ஓர் அட்டையில் இரண்டு வரி. "மெஷின் வந்துச்சு. தரை அரை அங்குலம் உசந்திருக்குமே, படுக்கையறைக் கதவு தட்டாதா?" அவ்வளவுதான். ஆனாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடமாடினேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கதவு தட்டியது. உன் அட்டையைப் படித்த பிறகே முழுவதும் திறந்து பார்த்தேன். பாதி திறந்து, பலகையில் மாட்டிக்கொண்டு நின்றது. இந்த வீட்டின் கதவுகளை நூறு மைலுக்கு அப்பாலிருந்து நீ அறிந்திருக்கிறாய். உள்ளே இருந்துகொண்டு நான் அறியவில்லை. கீலிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தை இழைத்து மாட்டினேன். இப்போது ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது.

வேலை முடிந்துவிட்டது. நிறம், நீ போடும் தேநீரின் நிறம். நான் போடும் தேநீரின் நிறத்திலும் பலகை இருந்தது. அதை வேண்டாம் என்றேன். மேல்பரப்பு சற்றுச் சொரசொரப்பானது. ஈரக் காலோடு நடந்து பார்த்தேன். காலுறையோடும் நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை.

இன்று மாலை நர்ஸ் வந்து பார்த்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கூடத்தை இரண்டு முறை சுற்றினாள். "பரவால்ல சார், உங்க கிட்ட கேஸ் குடுக்குறதுக்குப் பதிலா இந்த மாதிரி வேலை குடுக்கலாம் போல" என்றாள். நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உன் கால்களை நீ நம்புவதில்லை என்று உன் தங்கை சொன்னதையும் சொன்னேன். "வயசாயிடுச்சு, காய்ஞ்ச தரையில கூட என் காலே என்னை ஏமாத்திடுச்சு" என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாயாம். அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு, "எலும்பு கூடிடும் சார். ஆனா என் கால் என்னைக் கவுத்துருச்சுன்னு மனசுல பதிஞ்சவங்க எவ்வளவு நல்ல தரை போட்டாலும் நடக்க மாட்டாங்க. எங்க வார்டுல தினம் பாக்குறேன்" என்றாள்.

அவள் போன பிறகு புதிய தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதல் கடிதத்தில் எழுத இயலவில்லை என்றேனே, அந்த மற்றொரு காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நீ விழுந்த அன்று காலை நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். தரை மங்கிவிட்டதென்று நீ இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், நீ திரும்புவதற்குள் பளபளப்பாக்கி வைக்கலாம் என்று ஒரு பாட்டில் பாலிஷ் வாங்கி வந்து கூடம் முழுவதும் பூசினேன். பூசிய பின் உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்தெடுக்க வேண்டும் என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தது. ஒரு முறை துடைத்தேன். அதற்குள் வழக்கு விஷயமாக ஒரு கட்சிக்காரரின் அழைப்பு வந்தது; பேசிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டேன். நீ வந்ததை நான் கவனிக்கவில்லை. விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன்.

மருத்துவமனையில் டாக்டர், "தரை ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டார். "ஈரம் இல்லை டாக்டர்" என்றேன். நீ படுக்கையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொன்ன சொல்லில் பொய் இல்லை. ஈரம் இருக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே என்று சாட்சிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. மாலையில் வீடு திரும்பியதும் மிச்சமிருந்த பாட்டிலைக் குப்பையில் போட்டேன். வேறொருவர் செய்திருந்தால் அதற்கு நான் என்ன பெயர் வைத்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

பிறகு நீ உன் வயதைக் குறை சொன்னாய். உன் கால்களைக் குறை சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மாதமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கால்கள் உன்னை ஏமாற்றவில்லை. அந்தத் தரையில் இருபது வயதுப் பெண் நடந்திருந்தாலும் விழுந்திருப்பாள். தவறு முழுவதும் என்னுடையது. தவறை ஒருபோதும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று என்னிடம் வந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இது எழுத்தில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. உன் தங்கையிடம் காட்டினாலும் ஆட்சேபமில்லை. அவள் சொல்லப்போவதைக் கேட்கவும் தயாராக இருக்கிறேன்.

இதைப் படித்த பிறகு நீ வர விரும்பாமல் இருக்கலாம். தரையைக் காட்டி உன்னை அழைக்கும் தகுதி எனக்கு இல்லை. நான் அழைக்கவும் இல்லை. பலகைகள் எங்கும் போய்விடப் போவதில்லை. ஆனால் நீ நடக்காமல் இருப்பதற்கு நான் காரணமாக இருக்கக்கூடாது. அது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை காலை டாக்டர் சொன்னபடி தடியை ஊன்றிக்கொண்டு நட. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாயாம்; அது வேண்டாம். நிமிர்ந்து எதிரே பார்த்து நட. கூடத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் போ, வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போ. நீ நினைப்பதைவிட அதிக தூரம் உன்னால் போக முடியும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தங்கையின் தெருமுனையில் இறங்குவேன். உன்னைப் பார்க்காமல் திரும்பச் சொன்னால் திரும்பிவிடுவேன். எதிரே நான் வரும்போது, உனக்கு மனமிருந்தால், கொஞ்சம் நின்று பேசு.

என்றும் உன்
கணவன்